தளத்துக்கு அடியில் வலை கட்டியவர்

அவரைப் பற்றிக் கேட்டால் கடலூரிலும் சரி, சிதம்பரத்திலும் சரி, ஒருத்தர்கூடக் கெட்டதாகச் சொல்ல மாட்டார்கள். "தங்கமான மனுசன்" என்பார்கள். போன மாதம் சிதம்பரம் பேருந்து நிலையத்தில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க மாமா மாதிரி ஒரு மேஸ்திரிய இனிமே பாக்க முடியாதுப்பா" என்று கண் கலங்கினார். அவருடைய கடைத் தளத்தை மழைக்காலத்தில் பிரித்துப் போட்டு, பட்டுப்புடவை அலமாரி மேல் தண்ணீரை இறக்கியவர் அந்த மாமாதான். கடைக்காரர் அதை மறந்துவிட்டார். எனக்கு மறக்கவில்லை. ஆத்திரம்தான் வருகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

பெயர் எழுதப்போவதில்லை. அவர் என் அக்காள் புருஷன். மாமா என்று கூப்பிட்டுப் பழகியதால் மாமா என்றே எழுதுகிறேன். மரியாதைக்காக என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் தொழில் மொட்டைத் தளங்களைப் பிரித்துத் திரும்பப் போடுவது. வீட்டு வேலை எடுப்பதில்லை. கடை, லாட்ஜ், கல்யாண மண்டபம், குடோன், கம்பெனி, இவைதான். பழைய கட்டடங்களில் காங்கிரீட்டுக்கு மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்த ஒரு தளம் இருக்கும். அதற்கு மேலே ஓடு பதித்திருப்பார்கள். வருஷங்கள் போனால் அந்தச் சுண்ணாம்புத் தளம் மழைத்தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ள ஆரம்பிக்கும். அதை முழுக்கக் கொத்தி இறக்க வேண்டும். காங்கிரீட்டை வெயிலில் காயவிட வேண்டும். பிறகு தார் ஷீட்டை கேஸ் தீயில் இளக்கி ஒட்டி, தண்ணீர் ஓடுவதற்கு வாட்டம் கொடுத்து, புது ஓடு பதிக்க வேண்டும்.

இதில் காயவிடுவதுதான் பெரிய பாடு. கடலூர்க் காற்று பிழியாத துணி மாதிரி. காலையில் காங்கிரீட் மேல் கை வைத்தால் வேர்த்த முதுகைத் தொட்டதுபோல இருக்கும். அந்த ஈரத்தின் மேல் தார் ஷீட்டை ஒட்டினால் சித்திரை வெயிலில் உள்ளே ஆவி கட்டி, எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி கொப்புளம் கொப்புளமாக எழும்பும். ஆகவே இந்தத் தொழிலில் மேஸ்திரியாக இருக்கிறவன் முதலில் பழக வேண்டிய வார்த்தை "முடியாது". இப்ப முடியாது, மழை போவட்டும், தை மாசம் பாக்கலாம். இப்படிச் சொல்லத் தெரியாதவன் தளத்து மேல் ஏறக் கூடாது.

மாமாவிடம் இருந்தது வேறு ஒரு வார்த்தை. "செஞ்சிடலாம்."

அதை அவர் சொல்கிற அழகே தனி. கட்டடத்துச் சொந்தக்காரர் பேசும்போது குறுக்கே ஒரு வார்த்தை பேச மாட்டார். செருப்பைக் கீழேயே கழற்றிவிட்டு வந்திருப்பார். சேறு கிடக்கிற கம்பெனி முற்றமாக இருந்தாலும் வெறுங்கால்தான். அவர் சொல்லி முடித்ததும் கைப்பிடிச்சுவரைக் குழந்தையின் தலையைத் தடவுவதுபோல ஒரு தடவு தடவுவார். "செஞ்சிடலாம் சார்." அவ்வளவுதான். எதிரே நிற்பவர் முகம் மலர்ந்துவிடும். அந்த மலர்ச்சியைப் பார்த்து மாமா முகமும் மலரும். இரண்டு பேரும் மலர்ந்து முடிந்ததும், கீழே இறங்கி வந்து அது எப்படி ஆகும் என்று தலையைப் பிய்த்துக்கொள்வது என் வேலை. சென்னையில் ஒரு கம்பெனியில் தார் ஷீட் ஒட்டும் வேலையைக் கற்றுக்கொண்டு வந்தவன் நான். கொத்து வேலையும் ஆள்களும் அவருடையது, தீயும் தாரும் என்னுடையது என்று கூட்டாகச் செய்துவந்தோம்.

சாப்பாட்டு விஷயத்திலும் இப்படித்தான். வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவார். வேலை இடத்தில், "ரெண்டு இட்லி சாப்புடுங்க மேஸ்திரி" என்பார்கள். சாப்பிடுவார். அடுத்த இடத்தில் பொங்கல் என்பார்கள். அதையும் சாப்பிடுவார். சர்க்கரை வியாதி வந்து டாக்டர் கண்டித்துச் சொன்ன பிறகும், யாராவது டீ நீட்டினால் சர்க்கரை போடாதீர்கள் என்று சொல்ல அவருக்கு நா எழாது. குடித்துவிட்டு வீட்டுக்கு வந்து மயங்கிப் படுத்துக்கொள்வார்.

"உங்க வாய்க்குக் கதவே கெடையாதா?" என்று அக்காள் கத்துவாள். "உள்ள போறதும் தெரியல, வெளிய வர்றதும் தெரியல. தெறந்த வீடு மாதிரி வெச்சிருக்கீங்க."

"ஆசையா குடுத்தாங்கடி."

"வெஷத்த ஆசையா குடுத்தா?"

மாமா சிரிப்பார். அந்தச் சிரிப்பில் எல்லாருக்கும் கோபம் கரைந்துவிடும். எனக்கும் பல வருஷம் கரைந்திருக்கிறது.

சும்மா கெட்டவன் என்றால் எழுதுவதற்கே ஒன்றும் இல்லை. எங்கள் வீடு மீன்பிடிக்கிற வீடு. சுனாமி அலை வந்து அடித்தபோது எங்கள் படகு உடைந்தது, வீட்டுச் சுவரும் போனது. நாங்கள் அம்மா, அப்பா, சின்னது பெரியது என்று அத்தனை பேரும் ஒரு கல்யாண மண்டபத்தில் கோரைப்பாயில் கிடந்தோம். மாமா எங்கள் ஊர்க்காரர்தான், கடலுக்குப் போகாமல் கொத்து வேலைக்குப் போய், அக்காளோடு அலை எட்டாத பக்கம் குடியிருந்தவர். வந்து நின்றார். "நம்ம வீட்டுக்கு வாங்க, இருந்துக்கலாம்" என்றார். இரண்டே அறை உள்ள வீடு. அங்கே நாங்கள் மாதக்கணக்கில் இருந்தோம். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. கடைசியாகத்தான் சாப்பிட உட்காருவார். சட்டியில் என்ன இருக்கிறது என்று எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். அவருடைய "சரி"யில் எங்கள் குடும்பமும் பிழைத்திருக்கிறது. அதை இல்லை என்று சொன்னால் என் வாய் அழுகிவிடும்.

ஆனால் கட்டடம் குடும்பம் இல்லை. நாலு பேர் கூடுதலாக வந்தால் நகர்ந்து இடம் கொடுக்க அதற்குத் தெரியாது.

முதலில் சொன்ன ஜவுளிக்கடையை எடுத்துக்கொள்ளுங்கள். கீழவீதிப் பக்கம் பெரிய கடை. தீபாவளி வியாபாரத்துக்கு முன்னால் ஒழுகலை நிறுத்த வேண்டும் என்று புரட்டாசி கடைசியில் கூப்பிட்டார்கள். மாமா சுவரைத் தடவினார், செஞ்சிடலாம் என்றார்.

"ஐப்பசி பொறக்கப்போவுது. இப்ப எவனாவது தளத்தத் தொறப்பானா மாமா?" என்று கேட்டேன்.

"தீபாவளிக்குள்ள ஆவணும்னு அவுரு ஆசப்படுறாரு மச்சான்."

"நானுந்தான் கப்பல் வாங்கணும்னு ஆசப்படுறேன். வாங்கிக் குடுங்க."

"நீ இன்னாடா, எடுத்ததுக்கெல்லாம் எதிரா பேசுற? வானத்தப் பாரு, எவ்ளோ தெளிவா இருக்குது."

வானம் தெளிவாகத்தான் இருந்தது. பழைய தளத்தைக் கொத்தி இறக்குகிற வரைக்கும் தெளிவாக இருந்தது. காங்கிரீட் வெறும் முதுகைக் காட்டிய அன்றைக்கு மத்தியானம் இறங்கியது மழை. தார்ப்பாயை எடுத்துக்கொண்டு ஓடினோம். காற்று அதைப் பிடுங்கியது. விரிசல் வழியாகக் கீழே பட்டுப்புடவை அலமாரியில் கொட்டியது. மாமா என்ன செய்தார் தெரியுமா? அலமாரி மேல் ஏறி, தார்ப்பாயின் ஒரு முனையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, மழை விடுகிற வரைக்கும் அப்படியே நின்றார். சுண்ணாம்புத் தண்ணீர் தலை வழியாக ஓடியது. கண் எரிந்து சிவந்துவிட்டது. கடைக்காரர் உருகிப்போனார். "எறங்குங்க மேஸ்திரி, போனா போவுது" என்றார். தீபாவளிக்கு மாமாவுக்கு வேட்டி சட்டை எடுத்துக் கொடுத்தார்.

அன்றைக்கு எனக்கு ஒன்று புரிந்தது. முதலில் முடியாது என்று சொல்லியிருந்தால் அந்த வேட்டி சட்டை கிடைத்திருக்காது. ஐப்பசியில் தளத்தைத் திறக்க மாட்டேன் என்று சொல்கிற மேஸ்திரியை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. திறந்துவிட்டு நனைகிறவனைத்தான் நல்லவன் என்கிறார்கள்.

புவனகிரியில் ஒரு கல்யாண மண்டபம். இது கோடையில் செய்த வேலை. நன்றாகக் காய்ந்த தளம், நான் பார்த்துப் பார்த்து ஒட்டிய தார் ஷீட். ஓடு பதிக்கிற வேலை மட்டும் பாக்கி. அதற்குள் ஒரு கல்யாணம் வந்துவிட்டது. சமையல் கொட்டகையில் இடம் போதவில்லை, மாடியில் அடுப்பு வைத்துக்கொள்ளலாமா என்று மண்டபத்துக்காரர் போனில் கேட்டார். மாமா போனில் பேசும்போது எழுந்து நின்றுதான் பேசுவார். எழுந்து நின்று சொன்னார்: "செஞ்சிடலாம் சார். அடியில நாலு செங்கல் மட்டும் வெச்சிக்கிங்க."

நாலு செங்கல்! விறகடுப்புக்கு அடியில் தார். தார் இளகி, செங்கல் உள்ளே இறங்கி, ரசம் கொதித்த அண்டா கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்து, பந்தி நடக்கும்போது மொத்த ரசமும் மழைத்தண்ணீர்க் குழாய் வழியாக வாசலில் வந்து கொட்டியது. மாப்பிள்ளை வீட்டார் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சமையல்காரர் கால்செருப்பு தாரில் ஒட்டிக்கொண்டு வரவில்லை, வெறுங்காலோடு குதித்துக்கொண்டு இறங்கினார். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். நான் ஒட்டிய ஷீட்டை நானே கிழித்து எடுத்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"வேற எடம் பாருங்கன்னு சொல்றதுக்கு இன்னா மாமா?" என்று சண்டை போட்டேன்.

"மொகத்துக்கு நேரா எப்புடி மச்சான் சொல்றது?"

"போன்ல ஏது மொகம்?"

மாமா சிரித்தார். ஆனால் அவர் சொன்னதில் அவருடைய மொத்தக் குணமும் இருந்தது. எதிரே இருப்பவர் முகம் வாடக் கூடாது. எதிரே இருப்பவர் மட்டும். அந்தத் தளத்துக்குக் கீழே நாளைக்கு யார் நிற்பார்கள், யார் வேலை செய்வார்கள், அவர்களுக்கும் முகம் உண்டா என்கிற நினைப்பே அவருக்கு வராது. அவர்கள் எதிரே இல்லையே.

'தானே' புயல் அடித்த பிறகு ஊரில் பாதிக் கம்பெனிக்குக் கூரை இல்லை. தகரமும் சிமெண்ட் அட்டையும் காற்றில் பறந்து கரும்புக் கொல்லையில் கிடந்தன. எல்லோரும் மாமாவைக் கூப்பிட்டார்கள். எல்லோருக்கும் செஞ்சிடலாம். ஒவ்வொரு கட்டடத்திலும் எங்கள் ஏணி ஒன்று சாய்ந்து நின்றது. ஏறுவதற்குத்தான் ஆள் இல்லை. அந்தச் சமயத்தில்தான் வலை கம்பெனி வேலை வந்தது.

முதுநகர்ப் பக்கம், உப்பனாற்றை ஒட்டி, மீன் வலை பின்னுகிற கம்பெனி. நீளமான காங்கிரீட் கட்டடம். கீழே பெரிய ஹால். ஒரு பக்கம் மெஷின் ஓடும். மற்றப் பக்கம் பெண்கள் தரையில் வரிசையாக உட்கார்ந்து, பின்னி வந்த வலையை மடியில் இழுத்துப் போட்டு முடிச்சுகளைச் சரிபார்ப்பார்கள். எல்லோரும் கடலோரத்துப் பெண்கள். என் அக்காளும் அங்கேதான் வேலை செய்தாள். வலை முடிச்சு அவள் விரல் சின்ன வயதிலேயே பழகியது.

புயலில் அந்த முதலாளிக்கு நல்ல அடி. மெஷின் நனைந்தது, சரக்கு போனது. யாரோ வாஸ்து பார்க்கிற ஒருவரை அழைத்து வந்தார்கள். அவர் மாடி ஏறிப் பார்த்துவிட்டு, மழைத்தண்ணீர் கன்னி மூலையில் இறங்குகிறது, அதாவது தென்மேற்கில், அதனால்தான் இத்தனை நஷ்டம் என்றார். தண்ணீர் ஈசானி மூலையில், வடகிழக்கில் இறங்க வேண்டும். கன்னி மூலை உயரமாக இருக்க வேண்டும்.

கட்டிய நாளிலிருந்து ஒரு பக்கம் ஓடிய தண்ணீரை எதிர்ப்பக்கம் திருப்புவது என்றால் சும்மா இல்லை. பழைய தளத்தை முழுக்கக் கொத்தி இறக்கி, காங்கிரீட்டின் நிலைமையைப் பார்த்து, கனம் இல்லாமல் புது வாட்டம் கொடுக்க வேண்டும். அதுவும் அந்தக் காங்கிரீட்! ஆற்று உப்புக் காற்று முப்பது வருஷமாக உள்ளே போய், கம்பியெல்லாம் துருவேறி, அடிப்பக்கம் ஊதிக் கிடந்தது. ஹாலில் பெண்கள் தலையில் காரை உதிரும்.

நான் அப்போது கம்மாபுரம் பக்கம் ஒரு பெரிய குடோன் வேலையில் இருந்தேன். ஆவணியில் போனவன், தீபாவளிக்கு முன்னால்தான் திரும்பினேன். மழை ஆரம்பித்துவிட்டிருந்தது. அக்காள் சொன்னாள்: "கம்பெனி மாடி வேல முடிஞ்சிடுச்சிடா. ஆனா இப்ப தூளு ஜாஸ்தியா வுழுது. தலயில வுழுதுன்னு நாங்க சொன்னோம், மொதலாளி உன் மாமாகிட்ட சொன்னாரு, அவுரு வலை கட்டிக் குடுத்துட்டாரு."

"என்னா வலை?"

"மீன் வலைதான். வேற இன்னா வலை இருக்குது அங்க?"

போய்ப் பார்த்தேன். ஹாலின் தளத்துக்கு அடியில், சுவருக்குச் சுவர், ஆணி அடித்து வலை கட்டியிருந்தார். நேர்த்தியாகக் கட்டியிருந்தார், அதில் குறை சொல்ல முடியாது. காரை உதிர்ந்தால் பெண்கள் தலையில் விழாது, வலையில் விழும். விழுந்திருந்தது. கன்னி மூலைப் பக்கம் வலை பாரம் தாங்காமல் தொங்கியது. உள்ளங்கை அகலத்துக்குக் காங்கிரீட் துண்டுகள், துருக் கம்பித் தூளோடு, மீன் பட்ட மாதிரி மாட்டிக்கொண்டு கிடந்தன. அதற்கு நேர் கீழே பெண்கள் உட்கார்ந்து முடிச்சு பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண், "இன்னைக்கு நல்ல மீன்பாடு போல" என்று மேலே பார்த்துச் சிரித்தாள்.

மாடிக்கு ஓடினேன். கன்னி மூலையில் என் இடுப்பளவு இருந்த கைப்பிடிச்சுவர் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலேதான் இருந்தது. சுவர் இறங்காது. தளம்தான் ஏறியிருந்தது. பழையதைக் கொத்தவே இல்லை. அதன் மேலேயே ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, உயர்த்தி, வாட்டத்தைத் திருப்பியிருந்தார். கீழே பழைய தளம் குடித்து வைத்த தண்ணீர், மேலே புதுத் தளம் குடிக்கிற தண்ணீர். ஈசானி மூலையில் ஒரே ஒரு குழாய், அதுவும் இலை அடைத்து, குளம் கட்டி நின்றது. மழை பெய்யப் பெய்ய அத்தனை பாரமும் ஏறிக்கொண்டே இருக்கும். அந்தத் துருப்பிடித்த கம்பிகள் அதைத் தாங்க வேண்டும்.

மாமாவை டீக்கடையில் பிடித்தேன். கையில் டீ, சர்க்கரை போட்டது.

"பழச ஏன் எறக்கல?"

"கொத்துனா கீழ தூசி வுழும் மச்சான். மிசினு நிறுத்தணும். இப்பதான் எழுந்து நிக்குறோம், நிறுத்த முடியாதுன்னாரு."

"அவுரு ஆயிரம் சொல்லுவாரு. தாங்காதுன்னு நீங்க சொல்லணும்."

"ஒண்ணும் ஆவாது."

"வலையில பாத்தீங்களா எவ்ளோ கெடக்குதுன்னு? இன்னைக்கே போயி ஹால காலி பண்ணச் சொல்லுங்க. முட்டு குடுத்து, மேல இருக்கறத எறக்கணும்."

"தீபாவளி போவட்டும் மச்சான். ஆர்டரு இருக்குதுன்னு பாவம் அந்த மனுசன்…"

"உள்ள உன் பொண்டாட்டி ஒக்காந்திருக்குறாய்யா!" என் வாழ்க்கையில் அவரை ஒருமையில் பேசியது அன்றைக்குத்தான். டீக்கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மாமா கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "ஒண்ணும் ஆவாதுடா" என்று என் தோளைத் தட்டினார்.

நானே முதலாளியிடம் போனேன். அவர் கத்தவில்லை, துரத்தவில்லை. உட்கார வைத்துக் கேட்டார். பிறகு சொன்னார்: "தம்பி, வேல செஞ்சது மேஸ்திரி. அவுரு ஒண்ணும் ஆவாதுங்கறாரு. நீ ஆவும்ங்கற. நான் யார நம்பறது? மேஸ்திரி ஒரு வார்த்த சொல்லட்டும், இந்த நிமிசமே நிறுத்திடறேன்."

ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

சாயங்காலம் அக்காளிடம் சொன்னேன். அவள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிராமல் கேட்டாள்.

"உன் மாமா இன்னா சொன்னாரு?"

"ஒண்ணும் ஆவாதுன்னாரு."

"அப்ப ஆவும்" என்றாள். கத்தியைக் கழுவிவைத்தாள்.

மறுநாள் காலை தூறல். நானும் கூடப் போனேன். அக்காள் ஹால் வாசலில் குறுக்கே நின்றுகொண்டு, ஒரு பெண்ணையும் உள்ளே விடவில்லை. தளம் தாங்காது, உள்ளே போகாதீர்கள் என்றாள். முதலாளி வந்தார். மாமாவுக்கு ஆள் போனது. மாமா வந்தார், செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டுத்தான்.

"நீங்களே சொல்லுங்க மேஸ்திரி" என்றார் முதலாளி. "உங்க வீட்டு அம்மாவே இப்புடி நின்னா நான் இன்னா பண்றது?"

பெண்களும் மாமாவைத்தான் பார்த்தார்கள். அஞ்சலை என்று ஒருத்தி, வாயாடி, "அண்ணன் சொன்னா போறோம். அண்ணன் பொய் பேசாது" என்றாள்.

மாமா முதலாளியைப் பார்த்தார். பெண்களைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த சுவரை ஒரு தடவு தடவினார். "ஒண்ணும் ஆவாதும்மா. நான் போட்ட தளம். போங்க."

அஞ்சலை புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசல் நிலையைத் தாண்டி ஒரு கால் வைத்தாள்.

"இருங்கடி" என்றாள் அக்காள். மாமாவிடம் போய் அவர் கையைப் பிடித்தாள். "வாங்க. எங்களோட வந்து ஒக்காருங்க. அந்தக் கன்னி மூலையில, வலைக்கு அடியில. சாயங்காலம் வரைக்கும் ஒக்காருங்க. சோறு நான் ஊட்டி வுடறேன்."

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். "மாப்ள ஒக்காரட்டும், மால போடுறோம்" என்றாள் ஒருத்தி. முதலாளிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "போங்க மேஸ்திரி, கொஞ்ச நேரம் ஒக்காருங்க. அவுங்களுக்கும் தைரியமா இருக்கும்" என்றார்.

அக்காள் இழுத்தாள். மாமா இரண்டு எட்டு வைத்தார். வாசலில் நின்று உள்ளே எட்டி, தொங்குகிற வலையைப் பார்த்தார். அவர் கால் நின்றுவிட்டது. அக்காள் இன்னும் இழுத்தாள். அவர் கையை உருவிக்கொண்டார்.

"வேணாம்" என்றார்.

சிரிப்பு நின்றுவிட்டது. முதலாளியின் முகம் வெளுத்தது. அஞ்சலை உள்ளே வைத்த காலை மெதுவாக வெளியே எடுத்தாள். முதலாளி உள்ளே ஆள் அனுப்பி மெஷினை நிறுத்தச் சொன்னார்.

அன்றைக்கே ஹாலைப் பூட்டினார்கள். முட்டுக் கொடுக்கச் சவுக்குக் கம்பம் வருவதற்குள் மழை வலுத்துவிட்டது. கார்த்திகை பிறப்பதற்கு முன்னால் கன்னி மூலைத் தளம் வலையோடு சேர்ந்து தரைக்கு வந்தது. உள்ளே யாரும் இல்லை. ஊரில் என்ன பேசினார்கள் தெரியுமா? "மேஸ்திரி ஒரே வார்த்தையில அத்தன பொம்பளைங்களையும் காப்பாத்திட்டாரு." அந்த முதலாளியும் அப்படித்தான் சொன்னார். மாமா அதையும் மறுக்கவில்லை. அதையும் யாரோ ஆசையாகக் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டார்.

அதுவரைக்கும் நான் அவரை ஏமாளி என்று நினைத்திருந்தேன். பாரம் தெரியாது, கம்பி தெரியாது, யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிற அசடு என்று நினைத்துத்தான் அத்தனை வருஷம் கூடவே இருந்தேன். அவர் கையை உருவிய அந்த நொடியில் அந்த நினைப்பு போனது. எல்லாம் தெரிந்திருக்கிறது. அதற்குப் பிறகு நான் அவரோடு ஒரு தளமும் ஏறவில்லை.

ஹாலைப் பூட்டிய அன்று மாலையில் எல்லோரும் வீட்டில் இருந்தோம். அக்காள் அவருக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"வலை கட்டுறப்பவே தெரியுமா?"

மாமா தரையைப் பார்த்தார். "கொஞ்சம் தெரியும்."

"நான் உள்ள ஒக்காந்திருக்கறது?"

"நீ வாசப்படி ஓரமாத்தான ஒக்காருவ" என்றார் மாமா. "அந்தப் பக்கம் பாரம் இல்ல. நான் பாத்துட்டுத்தான் இருந்தேன்."

அக்காள் கத்தவில்லை. கன்னி மூலையில் உட்காருகிறவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். "அஞ்சல. தேவகி. கலியம்மா. கலியம்மா மருமவ…"

ஒவ்வொரு பெயருக்கும் மாமா தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.